மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வும் அதற்குக் காப்பும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே நமக்கு நன்கு பழக்கமான வீதி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து மாலையொன்றில் காற்றும் மழையும் கலந்து வீசிக்கொண்டிருக்கையில், அவ்வீதியின் வீட்டு விளக்குகளுட் சில திடீரெனப் பேரொளி வீசின. வேறு சில அதே கணத்தில் மங்கிப்போயின. சில வீடுகளில் காற்றாடிகள் வெறிகொண்டாற்போலச் சுழன்றன. ஒரு நிமிஷத்திற்குள் ஒரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியினின்று புகை எழுந்தது. மற்றொரு வீட்டில் குளிர்ப்பெட்டி ஓய்ந்தது. மூன்றாவது வீட்டில், தையல் தொழிலால் இரு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் அம்மையார் ஒருவர் தவணை முறையில் வாங்கியிருந்த தையல் யந்திரத்தின் மோட்டார் கருகிற்று. யந்திரம் கருகிய பின்னும் தவணை ஏழு மாதம் எஞ்சியிருந்தது.

மறுநாட் காலையில் பழுது பார்க்க வந்த வயர்மேனை நோக்கி அவ்வம்மையார் கேட்ட கேள்வி நம் செவியில் இன்றும் ஒலிக்கின்றது. "தம்பி, பீஸ் கட்டை அப்படியே இருக்கின்றதே! பீஸ் எரியாமல் பொருள் மாத்திரம் எரிந்தது எவ்வாறு?" என்றார். "நியூட்ரல் போய்விட்டது அக்கா" என்று சொல்லி அவர் தம் வேலையைப் பார்க்கலானார். அவர் கூறிய விடை முற்றிலும் உண்மையே. ஆயினும் கேட்டவர்க்கு அது விளங்கவில்லை. அருகில் நின்ற படித்த இளைஞர்களுக்கும் விளங்கவில்லை. பௌதிக நூலில் ஓம் என்பாருடைய விதியைக் கற்றுத் தேர்வெழுதி வெற்றி பெற்றவர்களும், தம் வீட்டுச் சுவரில் உள்ள மூன்று துளைகளின் பின்னே நிகழ்வது யாதென அறியாதிருத்தல் நமக்கு நாணம் தருவதாம். ஆகவே அந்த ஒரு விடையை விளக்குதலும், அதனோடு தொடர்புடைய பிற கேடுகளையும் அவற்றிற்குரிய காப்புகளையும் எடுத்துரைத்தலுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இவ்வூர்களின் நிலையைச் சிறிது நோக்குவோம். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த ஊர்கள். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, செம்பரம்பாக்கம் ஏரி என்னும் பெயர்கள் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றன. 1949 இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தோன்றிற்று. 1961 இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1964 இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. 2011 இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; 2019 இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று. வயல்கள் மனைகளாயின, மனைகளில் ஒற்றை வீடுகள் எழுந்தன, ஒற்றை வீடுகள் இருந்த இடத்தில் அடுக்ககங்கள் எழுந்தன. ஆனால் பத்து வீடுகளுக்கென இழுத்த கம்பியே பல இடங்களில் நாற்பது வீடுகளுக்கும் உழைக்க நேர்ந்தது. மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வுக்கு இப்பக்கத்து வீதிகள் இலக்காவதற்கு இதுவே முதற்காரணம்.

மின்சாரம் உற்பத்தியாகும் இடத்திலும், அது பெருவழியாக வரும் உயர் கோபுரங்களிலும் இப்பொழுது நிலைமை பெரிதும் செம்மையடைந்துள்ளது. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழ்நாடு மின்வெட்டால் பட்ட துன்பத்தை மறந்தவர் இலர். பின்னர், 2013 டிசம்பர் 31 ஆம் நாள், ராய்ச்சூருக்கும் சோலாப்பூருக்கும் இடையே அமைந்த 765 கிலோவோல்ட் வழியின் மூலம் தென்னக மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்புகளோடு ஒன்றாகப் பிணைக்கப்பட்டது. ஆதலின் இன்று நம் பொருள்களுக்கு நேரும் கேட்டின் பெரும்பகுதி எங்கோ தொலைவில் உள்ள மின்னிலையத்தில் பிறப்பதன்று. தெருமுனை மின்மாற்றிக்கும் நம் வீட்டுப் பலகைக்கும் இடையே உள்ள சிறு தூரத்திலேயே பிறப்பதாகும். இதனை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

நம் வீடுகளுக்கு வரவேண்டிய அழுத்தம் 230 வோல்ட். 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், தாழ்ந்த அழுத்த விநியோகத்தில் குறித்த அளவினின்று 6 சதவீதத்திற்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாதென வகுத்தன. அக்கணக்கின்படி ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ட் வரையில் இருத்தல் முறை. பொருள்களைச் செய்வோர் இதனினும் சற்று அகன்ற எல்லையைத் தாங்குமாறு அவற்றைச் செய்கின்றனர். இவ்வெல்லையைக் கடந்து நேரும் கேடுகளை மூவகையாகப் பிரிக்கலாம். அழுத்தம் நெடுநேரம் குறைந்து நிற்றல் ஒன்று. நெடுநேரம் மிகுந்து நிற்றல் மற்றொன்று. கண்ணிமைப்பொழுதினும் மிகச் சிறிய காலத்தில் பேரலையென எழுந்து மறைதல் மூன்றாவது. இம்மூன்றும் வெவ்வேறு நோய்கள். இவற்றிற்கு மருந்தும் வெவ்வேறே. ஒன்றின் மருந்தை மற்றொன்றிற்கு இட்டு ஏமாந்து போவதே நம் மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் பிழையாம்.

முதலில் குறைவை எடுத்துக்கொள்வோம். ஏரிப் பாசனம் அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. தலைமடைக்காரர் நீரை நிறையப் பாய்ச்சினால் கடைமடைக்கு நீர் ஏறுவதில்லை. அதுபோலவே மின்மாற்றிக்கு அண்மையில் உள்ள வீடுகள் மின்னோட்டத்தை மிகுதியாக இழுத்தால், வீதியின் கோடியில் உள்ள வீட்டுக்கு அழுத்தம் குறைகின்றது. கம்பிக்கும் சிறிது தடை உண்டு என்பதும், அத்தடையின் வழியே ஓட்டம் மிக மிக அழுத்தம் வழியிலேயே செலவாகும் என்பதும் இதன் காரணம். ஒரு வழியின் போக்குவரவுத் தடை அரை ஓம் எனக் கொள்வோம். ஒன்றரை டன் குளிர்சாதனம் ஒன்று சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். கோடை இரவில் எட்டு வீடுகளில் அவை ஒருங்கே ஓடினால் 56 ஆம்பியர். விளக்கும் காற்றாடியும் சேர்ந்து 60 எனலாம். அறுபதை அரையால் பெருக்க 30 வோல்ட் வழியிலேயே தொலைகின்றது. புறப்பட்ட 230 இல் கோடி வீட்டை அடைவது 200 தான். மின்மாற்றியிலேயே அழுத்தம் குன்றியிருப்பின் அது 180 ஆகவும் 160 ஆகவும் இறங்கும்.

அழுத்தம் குறைந்தால் விளக்கு மங்கும், அவ்வளவுதானே எனச் சிலர் எண்ணுகின்றனர். விளக்குக்கு அஃது உண்மை, மோட்டாருக்கு அன்று. குளிர்ப்பெட்டியிலும், நீரேற்றும் பம்பிலும் உள்ள மோட்டாரின் முறுக்கு விசை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்கவேண்டிய இடத்தில் 160 வோல்ட் இருப்பின், விசை பாதிக்கும் கீழே போய்விடுகின்றது. யானைப் பசிக்குச் சோளப்பொரி இட்டாற்போல, அவ்விசை கொண்டு மோட்டார் சுழல இயலாது, உறுமிக்கொண்டே நிற்கும். நின்ற மோட்டாரோ ஓடும் மோட்டாரைப்போல் ஐந்தாறு மடங்கு ஓட்டத்தை இழுக்கும். வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாதலின், கம்பிச் சுருளின் மேற்பூச்சு சில நிமிஷங்களில் கருகத் தொடங்கும். வெளியே புகையும் இல்லை, ஓசையும் இல்லை. "நேற்றுவரை நன்றாக ஓடிற்று, இன்று ஓடவில்லை" என்று நாம் வியந்து நிற்பதெல்லாம் பெரும்பாலும் இவ்வாறு பல இரவுகள் மெல்ல வெந்ததன் விளைவேயாம்.

கணினியும் தொலைக்காட்சியும் இதற்கு மாறான இயல்புடையன. அவற்றுள் உள்ள மின்வழங்கி, அழுத்தம் குறைந்தால் ஓட்டத்தை மிகுதியாக இழுத்துத் தன் தேவையை நிறைத்துக்கொள்ளும். கைப்பேசியின் மின்னேற்றி 100 வோல்ட்டிலும் வேலை செய்யும். ஆகவே குறைவு அவற்றை எளிதில் கெடுப்பதில்லை. அவற்றிற்குப் பகை மிகுதியே.

குறைவுக்கு மருந்து நிலைநிறுத்தி எனப்படும் ஸ்டெபிலைசர். அதனுள் ஒரு மின்மாற்றியும், அதன் சுருளிற் பல இடங்களில் எடுத்த கிளைகளும், அக்கிளைகளை மாற்றி மாற்றி இணைக்கும் ரிலேக்களும் உள்ளன. அழுத்தம் குறையும்போது ஒரு கிளையையும் மிகும்போது வேறொரு கிளையையும் அது தேர்ந்துகொள்ளும். மாற்றும்பொழுது கேட்கும் 'டக்' என்னும் ஓசை ரிலேயினுடையதே. கேரளத்தில் 1977 இல் தொடங்கிய வி-கார்டு போன்ற நிறுவனங்கள் இக்கருவியையே முதலாகக்கொண்டு பெருந்தொழிலாக வளர்ந்தன என்பதொன்றே, இதன் தேவை தென்னாட்டில் எத்துணைப் பெரிதாயிருந்தது என்பதைக் காட்டும். தொழிற்கூடங்களில் நுண்ணிய யந்திரங்களுக்கு, சிறு மோட்டார் ஒன்று தூரிகையை நகர்த்தி அழுத்தத்தைப் படிப்படியாகவன்றி இழையாகத் திருத்தும் சர்வோ நிலைநிறுத்தியை அமைப்பர்.

நிலைநிறுத்தி வாங்குவோர் இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். ஒன்று, அது எந்த எல்லைக்குள் திருத்தும் என்பது. வீட்டில் இரவில் 150 வோல்ட் வருமாயின், 170 க்குக் கீழ்த் திருத்தாத கருவியால் பயன் என்னை? இரண்டு, அதில் காலத்தாழ்வு ஏற்பாடு உண்டா என்பது. குளிர்ப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்று உடனே வந்தால், உள்ளே அமுங்கிய வாயுவின் அழுத்தம் இருபுறமும் சமனாகாத நிலையில் மோட்டார் சுழல முயன்று திணறும். மூன்று நிமிஷம் பொறுத்து இணைத்தால் இத்திணறல் இல்லை. இவ்வேற்பாடில்லாத இடத்தில், மின்சாரம் நின்றவுடன் நாமே சுவிட்சை அணைத்து, வந்தபின் ஐந்து நிமிஷம் பொறுத்துப் போடுதல் நன்று. இதற்குக் காசு செலவில்லை. பொறுமை ஒன்றே வேண்டும்.

தொழிற்பேட்டையைச் சார்ந்த சிறு பட்டறைகளுக்கு வேறொரு கேடும் உண்டு. அங்குள்ள கடைசல் யந்திரங்கள் மும்முனை மின்சாரத்தால் ஓடுவன. மூன்று கம்பிகளுள் ஒன்றில் மாத்திரம் மின்சாரம் நின்றுபோனால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்பதில்லை. எஞ்சிய இரண்டின் துணைகொண்டு தொடர்ந்து சுழலும். ஆனால் அவ்விரண்டிலும் ஓட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகின்றது. மூவர் தூக்கும் சுமையை இருவர் தூக்கினாற்போன்ற நிலை அது. வேலையாள் ஓசையின் மாறுபாட்டை உணர்வதற்குள் சுருள் வெந்துவிடும். ஒரே மோட்டாரை வைத்துப் பிழைக்கும் பட்டறைக்காரர்க்கு அதைச் சுற்றித் தருமளவும் பல நாள் கூலி இல்லை. எடுத்த வேலையைக் குறித்த நாளில் முடித்துக் கொடுக்கவும் இயலாது. ஒருமுனைத் தடுப்பான் என்னும் சிறு கருவியை ஸ்டார்ட்டரோடு இணைத்தால், ஒரு முனை நின்றவுடன் அது மோட்டாரை நிறுத்திவிடும். மோட்டாரைச் சுற்றும் செலவோடு ஒப்பிட இதன் விலை மிகச் சிறிது.

நிற்க. இனி, அவ்வம்மையாரின் கேள்விக்கு வருவோம்.

தெருமுனை மின்மாற்றி 11,000 வோல்ட்டைத் தாழ்த்தி நான்கு கம்பிகளில் தருகின்றது. மூன்று முனைக் கம்பிகள். நான்காவது நடுக்கம்பி, அதாவது நியூட்ரல். ஒரு முனைக்கும் நடுக்கம்பிக்கும் இடையே 230 வோல்ட். இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 400 வோல்ட். வீதியில் உள்ள வீடுகளை முதல் முனையில் சில, இரண்டாம் முனையில் சில, மூன்றாம் முனையில் சில எனப் பங்கிட்டு இணைக்கின்றனர். நடுக்கம்பியோ எல்லார்க்கும் பொது. ஒவ்வொரு வீட்டுக்கும் 230 வோல்ட்டே கிடைக்குமாறு நடுநின்று காப்பது இப்பொதுக் கம்பியே. பாகப்பிரிவினையில் இரு சாராரையும் அளவோடு நிறுத்தும் நடுவரைப் போன்றது அது.

காற்றில் மரக்கிளை விழுந்தோ, துருப்பிடித்த இணைப்புத் தளர்ந்தோ அக்கம்பி அற்றுப்போயிற்று என்று கொள்க. அப்பொழுது மின்சாரம் நிற்பதில்லை. முதல் முனையில் உள்ள வீட்டின் ஓட்டம் நடுக்கம்பி வழியே திரும்ப இயலாமையால், இரண்டாம் முனையில் உள்ள வீட்டின் வழியாகத் திரும்புகின்றது. இரு வீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக 400 வோல்ட்டில் கோத்த மணிகளாகின்றன. அந்த 400 ஐ அவை சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை, தடைக்கேற்பப் பங்கிடுகின்றன. சிறிய சுமை உள்ள வீட்டுக்கே பெரும்பங்கு போய்ச் சேரும்.

ஒரு கணக்கால் இது தெளிவாகும். ஒரு வீட்டில் 60 வாட் இழைவிளக்கு ஒன்று மாத்திரம் எரிகின்றது. அதன் தடை சுமார் 882 ஓம். மற்றொரு வீட்டில் 1000 வாட் சலவைப் பெட்டி ஓடுகின்றது. அதன் தடை சுமார் 53 ஓம். நடுக்கம்பி அற்றவுடன் விளக்குள்ள வீட்டில் அழுத்தம் 377 வோல்ட்டாக ஏறும். சலவைப் பெட்டியுள்ள வீட்டில் 23 வோல்ட்டாக இறங்கும். ஒரு வீட்டு விளக்குப் பேரொளி வீசுகையில் அடுத்த வீட்டு விளக்கு மங்குவது இதனாலேயே. மேலும், மின்சாரத்தில் அலையின் உச்சி நாம் கூறும் அளவினும் ஏறத்தாழ 1.4 மடங்கு உயர்ந்தது. 230 இன் உச்சி 325; 380 இன் உச்சியோ 537. தொலைக்காட்சி, கணினி முதலியவற்றின் வாயிலில் உள்ள கொண்மி பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட்டைத் தாங்கவே செய்யப்படுவது. ஆதலின் அது வெடித்தல் இயல்பே.

"பீஸ் ஏன் எரியவில்லை?" என்னும் கேள்விக்கும் இக்கணக்கிலேயே விடை உண்டு. மேற்கூறிய விளக்கு வழக்கமாக இழுப்பது கால் ஆம்பியர். 377 வோல்ட்டில் இழுப்பதும் அரை ஆம்பியரை எட்டுவதில்லை. ஐந்து ஆம்பியரில் உருகும் பீஸ் கம்பிக்கு இது எம்மாத்திரம்? பீஸும், இக்காலத்து எம்.சி.பி.யும் ஓட்டத்தின் மிகுதியை அளப்பன. அழுத்தத்தின் மிகுதியை அளப்பன அல்ல. மின்கசிவைக் கண்டு நிறுத்தும் ஆர்.சி.சி.பி. மனித உயிரைக் காப்பதில் நிகரற்றது. எனினும் அதுவும் அழுத்தத்தை அளப்பதன்று. காவற்காரன் உறங்கினான் என்று நாம் அவனைக் குற்றஞ்சாட்டுகின்றோம். உண்மையில் அவனைக் காவல் வைத்த வாயில் வேறு. கேடு புகுந்த வாயில் வேறு.

இக்கேட்டிற்கு உரிய காப்பு, அழுத்த எல்லைக் காப்பான். வரும் அழுத்தத்தை இடைவிடாது நோக்கி, அது 270 வோல்ட் அளவைக் கடந்தாலோ மிகக் குறைந்தாலோ இணைப்பை உடனே துண்டித்து, நிலைமை சீர்ப்பட்ட பின் சில நிமிஷம் பொறுத்துத் தானே மீண்டும் இணைக்கும் கருவி இது. வீட்டுப் பலகையில் எம்.சி.பி.க்கு அருகே இதனைப் பொருத்தலாம். வீடு முழுமைக்கும் ஒன்று போதும். தக்க ஆம்பியர் அளவுடையதைத் தேர்ந்து, உரிமம் பெற்ற வயர்மேனைக்கொண்டு அமைத்தல் வேண்டும். மும்முனை இணைப்புள்ள வீட்டார் இதில் மிகுந்த கவனம் செலுத்துவாராக. வீதியில் நடுக்கம்பி நன்றாக இருந்தும், தம் வீட்டு மீட்டர்ப் பலகையில் அஃது ஒன்று தளர்ந்தாலும் அவர் வீட்டின் மூன்று பகுதிகளுக்கிடையே இதே கேடு விளையும். அடுக்ககங்களின் பொதுப் பலகையும் அவ்வாறே. செம்பும் அலுமினியமும் நேரே சேரும் இணைப்புகள் அரித்துத் தளரும் இயல்புடையனவாதலின், ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் அவற்றைச் சோதித்து இறுக்குவித்தல் வேண்டும்.

கருவி இல்லாதவரும் ஓர் அறிகுறியை அறிந்துவைத்தால் பெரும்பொருள் காக்கலாம். ஓர் அறையில் விளக்குப் பேரொளி வீசி மற்றோர் அறையில் மங்கினாலும், காற்றாடி காரணமின்றி விரைந்து சுழன்றாலும், ஆராய்ந்துகொண்டிராமல் முதன்மைச் சுவிட்சை அக்கணமே அணைத்துவிட வேண்டும். அண்டை வீட்டார்க்கும் குரல் கொடுக்க வேண்டும். இதனை வீட்டில் சிறுவர் முதல் முதியோர்வரை அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

இங்கு ஓர் எச்சரிக்கை மிக இன்றியமையாதது. நடுக்கம்பி அற்றபொழுது, சிலர் விளக்கெரிந்தால் போதுமென்று, நிலத்தில் புதைத்த எர்த்துக் கம்பியையே நடுக்கம்பியாக இணைத்துக்கொள்கின்றனர். விளக்கு எரியும், மெய்தான். ஆயின் எர்த்துக் குழியின் தடை ஐந்து ஓம் என்றும், வீட்டின் ஓட்டம் பத்து ஆம்பியர் என்றும் கொண்டால், அவ்வெர்த்தோடு இணைந்த குளிர்ப்பெட்டி, சலவை யந்திரம், இரும்புப் பேழை யாவற்றின் உடலிலும் 50 வோல்ட் ஏறிநிற்கும். கோடையில் நிலம் வறண்டு தடை மிகுந்தால் அது உயிரைப் பறிக்கும் அளவாகும். ஈரக்கையோடு தொட்ட குழந்தை என்னாவது? பொருளைக் காக்கப்புகுந்து உயிரை இழக்கும் இச்செயலை எவர் செய்யினும் தடுத்தல் நம் கடமை. பீஸ் அடிக்கடி போகின்றதென்று தடித்த கம்பியை முறுக்கிப் போடுவதும் இத்தகைய பேதைமையே.

மூன்றாவதாக, கணப்பொழுதில் எழும் பேரலையைக் காண்போம். இதனை வருவிப்பன இரண்டு. ஒன்று மின்னல், மற்றொன்று பெரிய மோட்டார்களையும் மின்வழிகளையும் இணைத்தலாலும் துண்டித்தலாலும் எழும் அதிர்ச்சி. 1752 இல் பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்டு ஆராய்ந்த காலந்தொட்டு, மின்னல் என்பது மின்சாரமே என்று உலகம் அறியும். ஒரு மின்னல் வீச்சில் பல்லாயிரம் ஆம்பியர் ஓட்டம் ஒரு வினாடியின் இலட்சத்தொரு பங்கு போன்ற குறுகிய காலத்தில் பாய்கின்றது. அது கம்பியின்மேல் நேரே விழவேண்டுவதில்லை. அருகில் விழினும், 1831 இல் பாரடே கண்ட தூண்டல் விதியின்படி, அக்கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். சித்திரை வைகாசியில் மாலை இடிமழையும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் வரும் நம் பக்கத்தில் இஃது அரிய நிகழ்ச்சியன்று. கட்டடத்தின் உச்சியில் நாட்டிய இடிதாங்கி கட்டடத்தைக் காக்கும். உள்ளே உள்ள பொருளைக் காக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இதற்கு அமைந்த காப்பின் உள்ளுறுப்பு, துத்தநாக ஆக்ஸைடினால் செய்யப்பட்ட சிறு வில்லை. வழக்கமான அழுத்தத்தில் அது மின்சாரத்தைக் கடத்தாப் பொருளாய் வாளா இருக்கும். அழுத்தம் தன் எல்லையைக் கடந்தவுடன், இமைப்பினும் விரைவாகக் கடத்தும் பொருளாய் மாறி, மிகுந்ததை நிலத்திற்கு வடித்துவிடும். ஏரிக்குக் கலங்கல் எத்தகையதோ, மின்வழிக்கு இது அத்தகையது. நீர் அளவோடிருக்கையில் கலங்கல் வெறும் கல்வரிசை. வெள்ளம் வந்தாலோ கரையைக் காப்பது அதுவே.

இவ்வுவமையை இன்னும் சிறிது நீட்டினால் மூன்று உண்மைகள் புலப்படும். கலங்கலுக்கு அப்பால் வாய்க்கால் இல்லையேல் வெள்ளம் எங்கே செல்லும்? அதுபோல, நல்ல எர்த்து இல்லாத வீட்டில் நிலத்திற்கு வடிக்கவேண்டிய அலை வடிவதில்லை. எர்த்துக் குழியில் கரியும் உப்பும் இட்டிருப்பினும், கோடையில் நீர் ஊற்றி ஈரமாக வைத்தாலன்றி அது வேலை செய்யாது. அடுத்து, பல வெள்ளங்களைக் கண்ட கலங்கல் தேய்வதுபோல, இவ்வில்லையும் ஒவ்வோர் அலைக்கும் சிறிது வலியிழக்கும். ஆகவே அதன் காட்டி விளக்கு அணைந்திருப்பின் காப்பு இறந்துபட்டது என அறிந்து மாற்றவேண்டும். மூன்றாவது, கலங்கல் ஒரு வெள்ளத்தை வடிக்குமேயன்றி, ஓயாது பெருகும் கடலை வடிக்கமாட்டாது. நடுக்கம்பி அற்று 377 வோல்ட் நிமிஷக்கணக்காக நிற்குமாயின், இவ்வில்லை வெந்து தானே எரியும். அலைக்காப்பான் பொருத்திய பலகையை வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்தவர்களும் நாம் கூறிய வீதியில் பொருளிழந்ததற்குக் காரணம் இதுவே. அவர்கள் வாங்கிய மருந்து நல்ல மருந்துதான்; ஆனால் வேறு நோய்க்குரியது.

அலையானது மின்கம்பி வழியாக மாத்திரம் வருவதன்று. தொலைக்காட்சியின் கேபிள் வழியாகவும், இணையத்திற்கென வரும் உலோகக் கம்பி வழியாகவும் அது புகும். இடிமுழக்கம் கேட்டவுடன் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுதலே யாவற்றினும் உறுதியான காப்பு. மின்னல் தலைக்குமேல் வந்தபின் கம்பியைத் தொடாமல், அதற்கு முன்பே இதனைச் செய்து முடித்தல் வேண்டும்.

இயற்கைச் சீற்றத்தின் பின்னும் கேடு உண்டு. 2016 டிசம்பர் 12 ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபொழுது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. 2023 டிசம்பர்த் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழையால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வெள்ளத்தில் மூழ்கிற்று. பட்டறைகளுள் நீர் புகுந்து யந்திரங்கள் நனைந்தன. இத்தகைய காலங்களில் மின்சாரம் திரும்பிவரும் முதற்பொழுதே அஞ்சத்தக்கது. வீதி முழுவதும் உள்ள பொருள்கள் யாவும் ஒருங்கே இழுக்க, அழுத்தம் சரிந்தும் எழுந்தும் ஆடும். அவசரத்தில் இட்ட இணைப்புகளும் உறுதியற்றிருக்கும். ஆதலின் மின்சாரம் நின்றபோதே பெரிய பொருள்களின் சுவிட்சுகளை அணைத்துவைத்து, வந்தபின் ஒரு விளக்கை மாத்திரம் எரியவிட்டு, அது சற்று நேரம் நிலையாக எரிகின்றதா என நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் போடுதல் அறிவுடைமை. நீரில் நனைந்த மோட்டாரைக் காயவைத்து, காப்புத்தடையை மெக்கர் கருவியால் அளந்து, தகுதியுடையதெனக் கண்ட பின்னரே இணைத்தல் வேண்டும். வெளியே காய்ந்து தோன்றினும் சுருளினுள் ஈரம் நிற்கும்.

கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். குறைவுக்கு நிலைநிறுத்தி, நெடுநேர மிகுதிக்கு அழுத்த எல்லைக் காப்பான், கணநேர அலைக்கு அலைக்காப்பானும் நல்ல எர்த்தும், ஓட்டத்தின் மிகுதிக்கு எம்.சி.பி.; உயிர்க்காப்புக்கு ஆர்.சி.சி.பி. இவற்றுள் ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. அனைத்தையும் ஒருங்கே வாங்க இயலாத இல்லத்தார் முதலில் ஆர்.சி.சி.பி.யையும் எர்த்தையும் செம்மை செய்க, உயிர் முதன்மையன்றோ? அடுத்து அழுத்த எல்லைக் காப்பானை அமைக்க. ஏனையவற்றை வசதிக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. நம் வீட்டைக் காப்பதோடு நம் கடமை முடிவதில்லை. நடுக்கம்பி பொதுவானது என்பதை மேலே கண்டோம். அதன் கேடும் பொதுவானதே. கம்பத்தில் தீப்பொறி தெறிப்பதையோ, கிளை கம்பியில் உராய்வதையோ, இரவுதோறும் விளக்கு மங்குவதையோ கண்டவர் "நமக்கென்ன" என்றிராமல், வீதியார் பலர் சேர்ந்து நாளும் நேரமும் அளந்த வோல்ட்டும் குறித்து மின்வாரியத்திற்கு எழுதுதல் வேண்டும். 2021 இல் தொடங்கிய மின்னகம் என்னும் குறைதீர்ப்பு நிலையத்தின் வாயிலாகவும் தெரிவிக்கலாம். "எங்கள் வீதியில் மின்சாரம் சரியில்லை" என்னும் முறையீட்டினும், "இரவு 9 மணிக்கு 168 வோல்ட், விடியற்காலை 5 மணிக்கு 246 வோல்ட்" என்னும் குறிப்பு வலிமை மிக்கது. பௌதிகம் பயிலும் மாணவர் ஒருவர் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றைக்கொண்டு பத்து நாள் குறித்துத் தந்தால், வீதி முழுமைக்கும் அது பேருதவியாகும்.

நாம் கூறிய வீதியில் அவ்வாறே செய்தனர். மழை நின்றபின் நடுக்கம்பி மாற்றப்பட்டது; பல வீடுகளில் காப்பான்கள் அமைந்தன. அவ்வம்மையார் மோட்டாரை மாற்றி, எஞ்சிய தவணையையும் கட்டி முடித்தார். அவருடைய மூத்த மகன், தன் அன்னை அன்று கேட்ட கேள்விக்கு இன்று ஒரு காகிதத்தில் மூன்று கோடுகளும் ஒரு புள்ளியும் வரைந்து விடை கூறுகின்றான். "அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் முன்னோர் மொழி. அளவுக்குக் குறைந்தாலும் அது பயன்படாது என்பதை மின்சாரம் நமக்குக் கற்பிக்கின்றது. அவ்வளவை அறிந்து காப்பதே கல்வி கற்றார்க்கு அழகாம்.